சேலத்துக் கீரைக்கார அம்மாக்களுக்கு ஒரு மடல்

அம்மாப்பேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் விடிந்தும் விடியாமலும் கூடை இறக்கும் அம்மாக்களுக்கு வணக்கம். பேரனோ பேத்தியோ செல்போனில் பார்த்து உங்களுக்கு இதைப் படித்துக் காட்டினால் போதும்.

போன வாரம் தெருவில் வந்த கூடையில் இரண்டு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கினேன். இலையும் தண்டும் கொழுகொழுவென்று இருக்கவே ஏமாந்துவிட்டேன். மூன்று தண்ணீர் அலசியும் சாக்கடை வாடை போகவில்லை. நாற்பது வருடமாக இந்தக் கீரையை ஆய்கிறேன். அதற்கு இப்படி ஒரு வாடை கிடையாது.

பொன்னாங்கண்ணி என்ற பெயரில் இங்கே மூன்று செடிகள் புழங்குகின்றன. வரப்பில் படரும் நாட்டுச் செடி ஒன்று. தொட்டியில் சிவப்பாக வளரும் சீமைப் பொன்னாங்கண்ணி இன்னொன்று. அதனோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவது தென் அமெரிக்காவிலிருந்து வந்து, நீரின் மேல் பாய் விரித்ததுபோல் மிதப்பது. வெள்ளைக்காரர்கள் அதை முதலைக் களை என்கிறார்கள்.

பூவைப் பாருங்கள். நாட்டுச் செடியின் வெள்ளைப் பூ, இலைக் கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தாவரப் பெயரில் வரும் ‘செசைலிஸ்’ என்ற சொல்லுக்கே காம்பற்றது என்றுதான் பொருள். களையின் பூவோ நீண்ட காம்பின் நுனியில் உருண்டையாக நிற்கும். தண்டை ஒடித்துப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். களையின் தண்டு குழலாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் நீரில் வளர்ந்தால் நாட்டுச் செடிக்கும் சில சமயம் அப்படி ஆவதுண்டு.

அந்தக் களையை விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பொன்னாங்கண்ணி என்று நினைத்து அதையே வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். 1990களில் இது தெரியவந்தபோது அந்த நாட்டு அதிகாரிகள் பிடுங்கிப் போட்டதோடு நிற்கவில்லை. அதே இனத்து உள்ளூர்ச் செடியொன்றை மாற்றுக் கீரையாகக் கொடுத்தார்கள். நம் தோட்டக்கலைத் துறையும் உங்களுக்கு நாட்டுப் பொன்னாங்கண்ணித் தண்டு கொடுக்கலாம். ஒரு முழத் தண்டை நட்டால் பாத்தி நிறையும்.

என் பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு நகரத்துக்குள் எப்படி ஆகிவிடுகிறது என்று உங்களுக்கே தெரியும். களை அழுக்கு நீரில்தான் அமோகமாக வளரும். ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும். அதை எத்தனை அலசினாலும் போக்க முடியாது. நாட்டுப் பொன்னாங்கண்ணியே ஆனாலும் சாக்கடையில் பறித்தால் இதே கதைதான்.

இன்னொன்று: ஆய்ந்த தண்டுகளை ஓடையில் வீசாதீர்கள். களைக்கு விதை தேவையில்லை, ஒரு கணு போதும்.

நல்ல கட்டுக்கு ஐந்து ரூபாய் கூடக் கேளுங்கள், பேரம் பேசாமல் தருகிறேன். எந்தத் தண்ணீரில் பறித்தது என்று கேட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.