உப்புக்காற்று தாங்கும் என்று விற்றுவிட்டு, உப்புக்காற்று என்று வாரண்டி மறுத்த உங்கள் ஏசி பற்றி

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஏசி பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, கண்டன்சர் காயில் (வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றுகிற குழாயும் தகடுகளும்) அரிப்பு, வாரண்டி மறுப்பு, சரிசெய்யாமலே புகாரை முடித்தது.

ஐயா / அம்மா,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஏசி எங்கள் வீட்டுச் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறது. கஸ்டமர் கேரில் பேசுகிற ஒவ்வொருவரும் அதைத்தான் படித்துக் காட்டுகிறார்கள். பில், வாரண்டி அட்டை, புகார் எண்கள், போட்டோக்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். இதையாவது ஒரு மனுஷர் உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆப்பில் போடாமல் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மாமனாருக்கு இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வெக்கையில் படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் சீட்டுப் பணத்தை எடுத்து ராமநாதபுரம் ஷோரூமில் 41,500 ரூபாய்க்கு இதை வாங்கினோம். நாங்கள் இதைவிட விலை குறைந்த ஒன்றைத்தான் முதலில் பார்த்தோம். விற்பனையாளர் தம்பி, எந்த ஊர் என்று கேட்டார், பாம்பன் என்றதும் உங்கள் ஏசியைக் காட்டி, கடற்கரைக்கு இதுதான் நிற்கும், காயிலில் நீலப் பூச்சு இருக்கிறது, உப்புக்காற்று ஒன்றும் செய்யாது என்றார். அவராகச் சொன்னது இல்லை, உங்கள் நோட்டீஸிலேயே கடல் அலை படம் போட்டு, பெரிய தமிழ் எழுத்தில் 'உப்புக்காற்றைத் தாங்கும் நீலக் காயில், 5 வருட முழு வாரண்டி, கம்ப்ரசருக்கு 10 வருடம்' என்று அச்சடித்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தோம். அந்த நோட்டீஸின் நகலும் இணைப்பில் இருக்கிறது.

ஒரு கோடை நன்றாக ஓடியது. அதற்கப்புறம் குளிர்ச்சி குறைந்தது. புகார் கொடுத்ததும் ஒருவர் வந்தார், கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டு 2,950 ரூபாய் வாங்கிக்கொண்டார். முழு வாரண்டி இருக்கிறதே என்றால், கேஸ் வாரண்டியில் வராது என்றார். இதை எனக்கு யாராவது விளக்குங்கள். ஏசி கேஸ் என்பது சமையல் கேஸ் போல எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஓட்டை என்றால் பொருளில் கோளாறு. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால் சில வாரத்தில் மறுபடி கூப்பிடத்தான் வேண்டும், மறுபடி பணம் கட்டத்தான் வேண்டும். எங்களுக்கு அப்படியே நடந்தது.

அடுத்து வந்த டெக்னீஷியன் கொஞ்சம் பொறுப்பான ஆள். மாடியில் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே இருந்து பார்த்தால் தகடுகள் ஒழுங்காகத்தான் தெரிந்தன. உள்பக்கம் தென்கடலைப் பார்த்த மூலையில் அவர் விரலை வைத்ததும் அலுமினியத் தகடு வெள்ளை மாவாக உதிர்ந்து கையோடு வந்தது. நீலப் பூச்சு என்றீர்களே, அது அந்த மூலையில் பெயருக்குக்கூட இல்லை. செம்புக் குழாய் வளைகிற இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து தூசி ஒட்டியிருந்தது. சோப்பு நுரையைத் தடவினார், அந்த வளைவில் சின்னச் சின்னக் குமிழியாகக் கிளம்பியது. செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், பூச்சு சரியாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் போகாது என்று அவரே சொன்னார். காயிலையே மாற்ற வேண்டும், நான் பார்ட் கேட்டு எழுதுகிறேன், போனுக்கு வந்திருக்கிற ஓடிபியைச் சொல்லுங்கள் அக்கா, அப்போதுதான் எழுத முடியும் என்றார். சொன்னேன்.

அவர் வண்டியை எடுப்பதற்குள் எனக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று.

இந்த ஓடிபி ஏற்பாட்டை யார் யோசித்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் இது முழுக்க முழுக்க வாடிக்கையாளரை ஏமாற்றுகிற ஏற்பாடு. ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸில் நம்பர் மட்டும்தான் இருந்தது. இதைச் சொன்னால் புகார் முடிந்ததாக அர்த்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. பார்ட் வரவில்லையே என்று திரும்பக் கூப்பிட்டால், பழைய புகார் மூடியாகிவிட்டது, புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். புதிதாகப் பதிவு செய்தால் புது எண், புது ஆள், அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது, மறுபடி முதலிலிருந்து கேஸ் செக் பண்ணுகிறார், மறுபடி ஓடிபி கேட்கிறார். ஒரே ஓட்டைக்காக நான் கொடுத்த புகார்கள் எல்லாம் உங்கள் கணக்கில் தனித்தனியாக, ஒவ்வொன்றும் வெற்றிகரமாக முடிந்ததாக நிற்கின்றன. திரும்பத் திரும்ப ஒரே கோளாறு வருகிற பொருள் என்று உங்கள் ரிக்கார்டில் எங்கேயும் தெரியாது. வருட முடிவில் இத்தனை சதவீதம் புகார்களை ஒரே நாளில் தீர்த்தோம் என்று நீங்கள் போடுகிற விளம்பரத்தில் என் புகார்களும் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியில் உங்கள் ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். போட்டோ பார்த்தோம், உப்பு அரிப்பு, கடற்கரைப் பகுதியில் உப்பால் வருகிற அரிப்புக்கு வாரண்டி கிடையாது, காயிலுக்கு 10,400 ரூபாய், கேஸும் ஆள்கூலியும் தனி என்றார். வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே இருக்கிறது, பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். நோட்டீஸில் உப்புக்காற்றைத் தாங்கும், அட்டையின் பின்பக்கம் உப்புக்காற்றால் கெட்டால் நாங்கள் பொறுப்பில்லை. ஒரே நிறுவனம் ஒரே பொருளுக்கு இரண்டையும் எப்படி எழுதலாம்?

வாரந்தோறும் நல்ல தண்ணீரில் யூனிட்டைக் கழுவியிருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். நாங்கள் குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். அது போகட்டும், கழுவினால்தான் நிற்கும் என்றால் அதை விற்கும்போது சொல்ல வேண்டியதுதானே. மாட்ட வந்தவரும் சொல்லவில்லை, உங்கள் தமிழ் நோட்டீஸிலும் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஏசி வாங்கும் முன்னால் உங்கள் வெப்சைட்டில் எங்கள் ஊர் பின்கோடைப் போட்டுப் பார்த்தேன். டெலிவரி உண்டு, மாட்டித் தருவோம் என்று பச்சை எழுத்தில் வந்தது. உங்கள் லாரி பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்துதான் இறக்கிவிட்டுப் போனது. உங்கள் ஆப்பும் நாங்கள் இருக்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறது. நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது விற்கும்போது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பின்கோடைப் போட்டவுடனே, இந்த ஊரில் காயில் அரிப்புக்கு வாரண்டி இல்லை என்று ஒரு வரி காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? காட்டியிருந்தால் நாங்கள் வாங்கியிருக்க மாட்டோம், அதனால்தான் காட்டவில்லை என்று நான் சொல்கிறேன், இல்லை என்றால் நீங்கள் எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் உப்புக்காற்று யாருக்கும் தெரியாத ரகசியம் கிடையாது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் இந்தக் காற்றோடு நூறு வருடத்துக்கு மேல் போராடியது, அரிப்பால் பலவீனமாகி 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கிற பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரயில்வே என்ன செய்தது? இங்கே என்ன காற்று அடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மாதிரி கட்டியது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியிலிருந்து சைக்கிள் செயின் வரை எல்லாவற்றிலும் உப்பு பூக்கும், அது தெரிந்துதான் நாங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து 'தாங்கும்' என்று எழுதியிருந்த பொருளை வாங்கினோம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை 230 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் எத்தனை வீடு, எத்தனை லாட்ஜ், ராமேஸ்வரத்தில் மட்டும் எத்தனை விடுதிகளில் உங்கள் ஏசி ஓடுகிறது. இவ்வளவு பேருக்கும் விற்றுவிட்டு யாருக்கும் வாரண்டி இல்லை என்றால், அது வாரண்டியே கிடையாது.

சிறு எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. விளம்பரத்தில் சொல்கிற விஷயம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதற்கான நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்தும் அதே மாதிரி இருக்க வேண்டும், முக்கியமான தகவலை நிபந்தனைக்குள் ஒளிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் நோட்டீஸில் வாக்குறுதி தமிழில், பெரிசாக. அதை ரத்து செய்கிற நிபந்தனை அந்த நோட்டீஸில் எங்கேயுமே இல்லை, பெட்டிக்குள் இருந்த அட்டையின் பின்பக்கம், ஆங்கிலத்தில். பெட்டியைப் பணம் கட்டிய பிறகுதானே பிரிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரண்டி இல்லை என்று சொன்ன மறுநாளே உங்கள் ஆப்பில் வருடாந்திர பராமரிப்புத் திட்டத்தில் சேரச் சொல்லி விளம்பரம் வந்தது, அப்புறம் போனும் வந்தது. பேசிய பெண்ணிடம், சேர்ந்தால் காயிலை மாற்றித் தருவீர்களா என்று நேரடியாகக் கேட்டேன். பாவம், அவர் யாரையோ கேட்டுவிட்டு வந்து, கடற்கரை அரிப்பு அதிலும் வராது மேடம் என்றார். அப்படியானால் எதற்காக என்னைக் கூப்பிட்டீர்கள்? இது எல்லாம் நடந்தது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்கள் மாதிரி வீடுகளில் வரவு நின்றுபோகிற நேரம். அந்த நேரத்தில் 10,400 கொடு, கேஸுக்குத் தனியாகக் கொடு என்று கேட்டால் எங்கே போவது? மாமனாரை மத்தியானம் முழுக்க முன்வாசலில் ஈரத்துணி விரித்துப் படுக்க வைத்திருந்தோம்.

வந்த டெக்னீஷியன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இதை அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்கே புகாரை மூடாவிட்டால் சர்வீஸ் எடுத்திருக்கிற ஏஜென்சிக்குப் பணம் பிடிப்பார்கள், ஏஜென்சி எங்கள் கூலியில் பிடிக்கும் என்று அந்தத் தம்பி சொன்னார். ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் சொந்தப் பெட்ரோல் போட்டு வந்து, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, இருக்கிற கோளாறை மறைக்காமல் காட்டிய ஒரே ஆள் அவர்தான். இந்தக் கடிதத்தைக் காரணமாக வைத்து அவர் மேல் கை வைக்காதீர்கள். தப்பு அவரை அப்படி நடக்க வைக்கிற உங்கள் விதியில் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இவை. கண்டன்சர் காயிலை, பூச்சு முழுசாக உள்ள காயிலாக, வாரண்டியில் இலவசமாக மாற்றித் தர வேண்டும், ஓட்டை இல்லை என்று சோதித்துக் காட்டிவிட்டு கேஸ் நிரப்ப வேண்டும். ஏற்கெனவே கேஸுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். என் புகார்களை எல்லாம் ஒரே புகாராகச் சேர்த்து, வேலை முடிந்து நான் ஏசியைப் போட்டுப் பார்த்த பிறகு மட்டும் மூட வேண்டும். இது முடியாது என்றால் ஏசியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தந்துவிடுங்கள், அதுவும் எனக்குச் சம்மதம்தான். கூடவே, கடலோர ஊர்களுக்கு விற்கிற நோட்டீஸில் இந்த வாரண்டி விதியைத் தமிழில், மற்ற எழுத்தின் அளவிலேயே போடுங்கள். எனக்கு நடந்தது மண்டபத்திலோ கீழக்கரையிலோ இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை, தவறான விளம்பரம் மூன்றையும் சேர்த்தே எழுதுவேன். உதிர்ந்த தகட்டுத் தூளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சோப்பு நுரை கிளம்பியதை போனில் வீடியோ எடுத்தும் வைத்திருக்கிறேன், ஆணையத்தில் இரண்டையும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பாம்பன் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, பில் எண், புகார் எண்கள் இணைப்பில்)