செலஸ்டா இருந்த இடத்தில் சாக்ஸபோன்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு அறையை ஒழித்துக் கொடுத்ததில் என் ரெக்கார்டு பெட்டிகள் கூடத்துக்கு வந்துவிட்டன. இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம்.

ஒருவர் எழுதி முடித்த இசையில் இன்னொருவர் கை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 'நட்கிராக்கர்' இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். பத்து நாளாக அதுதான் ஓடுகிறது.

மூலம் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் பாலே நடன நாடகம். 1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்கின் மாரின்ஸ்கி அரங்கில் முதலில் ஆடினார்கள். அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து 1960ல் எலிங்டனும் அவரோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்னும் தங்கள் ஜாஸ் குழுவுக்காகத் திருப்பி எழுதினார்கள். மொத்தம் ஒன்பது பகுதி.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீயே கேள். மிட்டாய் தேவதையின் நடனம் உனக்குத் தெரியும். அந்தக் கிணுகிணு சத்தம் செலஸ்டா என்ற வாத்தியம். பார்க்கச் சின்ன பியானோ போல இருக்கும். உள்ளே சுத்தியல் தட்டுவது உலோகத் தகடுகளை. சைக்கோவ்ஸ்கி அதைப் பாரிஸில் கேட்டு மயங்கி, சக ரஷ்ய இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாசுனோவுக்கும் தெரிந்தால் முந்திக்கொள்வார்கள் என்று ரகசியமாக வரவழைத்தார். அந்த நடனத்தின் உயிரே அந்தச் சத்தம்தான்.

எலிங்டன் குழுவில் செலஸ்டாவே இல்லை! சாம் வுட்யார்டின் டிரம் மெதுவாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஆரம்பிக்கிறது. அதன்மேல் பால் கொன்சால்வெஸின் டெனர் சாக்ஸபோன், அதே மெட்டை, ஏறக்குறைய மூச்சாகவே ஊதுகிறது. 1956ல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஒரே மூச்சாக 27 சுற்று வாசித்துக் கூட்டத்தை எழுந்து ஆடவைத்தவர் அவர். இங்கே அவ்வளவு அடக்கம். நுனிக்காலில் நின்ற தேவதை, இரவு வெகுநேரம் கழித்துக் களைத்து வீடு திரும்புகிறாள் போல இருந்தது எனக்கு. மெட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஆள் வேறு.

பூக்களின் வால்ட்ஸும் அப்படித்தான். மூன்று மூன்றாகச் சுழல்வதை நான்கு நான்காக நடக்கவிட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்கு. அப்புறம் பாலேயின் தொடக்கத்தில் வரும் அந்த முன்னிசை. சைக்கோவ்ஸ்கி அதில் கனத்த குரல் கொண்ட செல்லோ, டபுள் பாஸ் என்ற தந்தி வாத்தியங்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார், எல்லாம் பொம்மை உலகம் போல லேசாக இருக்கட்டும் என்று. இவர்கள் அதற்கு அடியில் பாஸை நடக்கவிடுகிறார்கள். எது எதற்காக இருக்கிறது என்று அணு அணுவாகப் படித்தவர்களுக்குத்தான் இப்படி மாற்றத் தெரியும்.

ஸ்ட்ரேஹார்னை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. சிறு வயதில் மேற்கத்திய செவ்வியல் பியானோ படித்தவர், அதிலேயே வாழ நினைத்தவர். கறுப்பினப் பிள்ளைக்கு அன்றைய அமெரிக்காவில் அந்தக் கதவு திறக்கவில்லை. 1938ல் எலிங்டனைச் சந்தித்தார். பிறகு எழுதியதில் பலவும் எலிங்டன் பெயரின் நிழலிலேயே நின்றன. இந்தத் தட்டின் அட்டையில் அவர் படமும் பெயரும் எலிங்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நேற்றும் அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன்.

கை வைக்கலாமா என்றால், இவ்வளவு அன்போடு வைக்கலாம் என்றுதான் சொல்வேன். உனக்கு வேறு மாதிரி தோன்றினால் தயங்காமல் எழுது.

சரி, அடுத்த சனிக்கிழமை மகன் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான். தட்டைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் மூலத்தைக் கேள், ஒரு காபி குடி, பிறகு இதைப் போடு. பிளேயர் ஊசியை மாற்றிவிட்டாய்தானே?

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்