உன் குரல் வேண்டும், சேது

அன்புள்ள சேது,

தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. என் சட்டைக் காலர் அழுக்குவரை இப்போது அவளுக்குத் தெரிகிறது. மரகதத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டது.

இனி விஷயம். வணிகவியல் இரண்டாம் ஆண்டுக்குப் பேச்சு ஆங்கிலம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' பாட்காஸ்ட்டைப் போட்டேன். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள். அதற்காகவே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் சிற்றலையில் இரைச்சலோடு கேட்ட அமெரிக்க வானொலியின் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? 1959-இல் தொடங்கியதாம், 1500 சொற்களுக்குள் மெதுவாகப் பேசுவார்கள். அதைக் கேட்டு நீ என்ன பேசினாய் என்பது கோவிந்தன் சாருக்குத் தெரியும்!

என் வகுப்பும் அப்படித்தான். புரிகிறது, வாய் திறப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வரும் என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். எத்தனை வருடமாகக் கச்சேரி கேட்கிறாய், ஒரு வரி பாடு பார்ப்போம்.

ஆகவே 'ஷேடோயிங்' பயிற்சிக்கு மாறினேன். ஒலி ஓடும்போதே, ஒரு நொடி பின்தங்கி, அதையே உரக்கச் சொல்ல வேண்டும். 30 நொடிப் பகுதி போதும். முதலில் எழுத்து வடிவத்தைப் பார்த்து, பிறகு பார்க்காமல். நம் பிள்ளைகள் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பார்கள். ஆங்கிலமோ 'ஆஃப்', 'அண்ட்' போன்றவற்றைப் பாதி விழுங்கிவிட்டு முக்கியச் சொல்லில் அழுத்தும். நான் தொண்டை வற்றச் சொல்லியும் ஏறாதது இதில் ஏறுகிறது. ஆனால் அதோடு விட்டால் கிளிப்பிள்ளைதான். கேட்ட செய்தியைத் தன் சொற்களில் ஒரு நிமிடம் பேசி, செல்பேசியில் பதிந்து அனுப்ப வேண்டும்.

ஒரு பெண், சேது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கணக்குப் பதிவியலில் அவளை மிஞ்ச யாருமில்லை. பகுதிநேர வேலைக்கான நேர்காணலில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றதும் குரல் எழும்பவில்லை, உடனே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. இப்போது, வீட்டில் சிரிப்பார்கள் என்று மாட்டுக்கொட்டகையில் நின்று பதிந்து அனுப்புகிறாள். நடுநடுவே மாடும் பேசுகிறது.

இன்னொரு தொல்லை: சிலர் லண்டன் மூக்கால் பேசத் தொடங்கிவிட்டார்கள். தாளம் வந்தால் போதும், மூக்கு நம்முடையதாகவே இருக்கட்டும். துறைமுக அலுவலகத்தில் நாள்முழுக்கத் தூத்துக்குடி வாடை மாறாமல் ஆங்கிலம் பேசிச் சம்பாதிக்கிறாயே, அதை இவர்கள் கேட்க வேண்டும். ஒரு கண்டெய்னர் எப்படிச் சுங்கம் தாண்டுகிறது என்று மூன்று நிமிடம் பேசி அனுப்பு. எழுதிவைத்துப் படிக்காதே, கண்டுபிடித்துவிடுவார்கள். திக்கினால் திக்கு. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், அந்த நாடகக் குரல் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ரகு