பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அவசரமாக எழுதக் காரணம் பாஸ்கர். லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றிவிட்டாயாம், பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து அவனுக்குப் படம் ஏற்றத் தரப்போகிறாயாம். போனில் குதிக்கிறான். கொடுக்காதேடா! அவனிடம் போன பொருள் எது திரும்பி வந்திருக்கிறது? கேரம் போர்டு எங்கே?

புது எஸ்எஸ்டியில் கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டிருப்பார். அதுவும் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன், அதாவது விண்டோஸ் கெட்டால் மீட்பதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி, உண்டாக்கும். ஆனால் அது சில நூறு எம்பிதான்; பழுதுபார்க்கும் கருவிகளுக்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. உன் எச்பி லேப்டாப்போடு பழைய டிஸ்க்கில் வந்தது வேறு. கம்பெனி போட்ட விண்டோஸ், டிரைவர்கள் எல்லாம் மூட்டையாக அதில் இருக்கும். "டி டிரைவ் நிறைந்துவிட்டது" என்று ஒருமுறை அலறினாயே, அதேதான். டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்தால் அதுவும் போய்விடும்.

அந்தப் பார்ட்டிஷனை மட்டும் புது டிஸ்க்குக்குக் காப்பி செய்தால், ரெக்கவரியை ஓடவைக்கும் எஃப்11 விசை வேலை செய்யும் என்று நம்பாதே. பூட் அமைப்புக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும். அதனால் க்ளோன்ஸில்லா என்கிற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, பழைய டிஸ்க் முழுவதையும் இமேஜ், அதாவது அப்படியே நகல், எடுத்து வெளி டிஸ்க்கில் வை. இலவசம்தான். புது விண்டோஸுக்கு 32 ஜிபி பென் டிரைவில் தனியாக ஒரு ரெக்கவரி டிரைவ் செய்துகொள். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்.

கடைக்காரர் விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கேட்டாராமே? விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இந்த மாதிரி லேப்டாப்புகளில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. டிஸ்க் மாற்றினால் அது எங்கே போகும்? நன்றாகக் கேள்.

சேகர், இன்னொன்று. அந்த எச்பி ரெக்கவரி ஓடினால் கம்ப்யூட்டர் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். நீ சேர்த்துவைத்த எதுவும் அதில் வராது. அப்பா பேசியதையெல்லாம் அந்த லேப்டாப்பில்தானே பதிந்து வைத்திருந்தாய்? புது டிஸ்க்குக்கு அவை வந்துவிட்டனவா? சும்மா பெயரைப் பார்க்காதே, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேள். வரவில்லையென்றால் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. அது டக்டக்கென்று சத்தம் போடுகிறதென்றால் இமேஜ் எல்லாம் அப்புறம். முதலில் அந்த ஃபோல்டரை எடு.

பழைய டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க யூஎஸ்பி-சாட்டா கேபிளை நாளை கூரியரில் போடுகிறேன். கிடைத்ததும் போன் செய்.

அன்புடன்,
குமார்