'ஜீரோ சுகர்' பெரிய எழுத்தில், மற்றதெல்லாம் பொடி எழுத்தில்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் பத்து வயதுப் பையன் ஒருவன் சர்க்கரை இல்லாத கோலா, கறுப்பு டின் ஒன்றைக் கேட்டு வாங்கினான். "வெயிட் போடுதுன்னு அம்மா இனிமே இதைத்தான் குடிக்கச் சொல்லியிருக்கு" என்றான். நானும் ஒன்று வாங்கிவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னால் 'ஜீரோ சுகர்' கட்டைவிரல் உயரத்துக்கு. பின்னால், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஆங்கிலத்தில் ஒரு வரி: குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கூடவே 950, 951, 955 என்று எண்கள். அவை சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பூட்டிகளான அசிசல்பேம், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அந்த வரியைப் போட வைத்தது நீங்கள்தான், சந்தோஷம். ஆனால் உங்கள் விதிப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மாநில மொழி கம்பெனிக்காரர் விருப்பம். அவர்கள் ஏன் விரும்பப் போகிறார்கள்?

அந்த அம்மா நம்பியது எடை குறையும் என்று. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். தினமும் இரண்டு பாட்டில் சோடா குடித்தவர் இதற்கு மாறினால் குறையத்தானே செய்யும்? 300 மில்லி சாதாரண கோலாவில் சர்க்கரையே 30 கிராமுக்கு மேல். ஆனால் வருடக்கணக்கில் பார்த்த ஆய்வுகளில் உடல் கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏன் என்பதற்கு எங்கள் பக்கத்து வீட்டுக்காரரே போதும். ராத்திரி இந்த டின்னோடு இரண்டு பரோட்டா, சால்னா. "அதான் இதில் சர்க்கரை இல்லையே" என்று மூன்றாவதும் வாங்குவார். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு பரோட்டாவில் போச்சு.

இதில் புற்றுநோய்ப் பயத்தைக் கிளப்ப நான் வரவில்லை. 2023 ஜூலையில் அஸ்பார்டேமைப் பற்றிக் கிளம்பிய பரபரப்பின்போதும், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. என் கவலை எழுத்தின் அளவு பற்றியது.

2024 ஜூனில் '100% பழச்சாறு' என்று போடக் கூடாது என உத்தரவிட்டீர்கள், நல்ல காரியம். அதே கையோடு இதையும் செய்யுங்கள். 'ஜீரோ' எந்த அளவில் இருக்கிறதோ, எச்சரிக்கையும் அதே பக்கத்தில், அதே அளவில், விற்கும் மாநிலத்தின் மொழியில் வேண்டும். டின்னில் இடமில்லை என்பார்கள். 'குழந்தைகளுக்கு வேண்டாம்.' இரண்டே சொல்தான், அளந்து பார்த்துவிட்டேன், அடங்குகிறது.

இப்படிக்கு,
கண்ணாடி போட்டும் படிக்க முடியாத ஒருவன்