2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. நவம்பரில் மட்டும் கோரம் சேரவில்லை, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஜூலை 30, ஆள்கடத்தல் எதிர்ப்பு நாளன்று பாளையங்கோட்டையில் நோட்டீஸ் கொடுத்தோம். அதில் பாதி வடை மடிக்கத்தான் போயிருக்கும். இனி, ஆள்கடத்தலில் சிக்கி மீண்ட பெண்களுக்கு மனநல ஆலோசனை தருகிற நம் ஆற்றுப்படுத்தும் திட்டத்துக்கு வருகிறேன். போன வருஷம் நன்கொடையில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. கேள்விகளும் அதைப் பற்றித்தான் வந்தன.

நம்மிடம் இந்த ஆண்டு வந்தவர்கள் ஒன்பது பெண்கள். திசையன்விளை, களக்காடு, முக்கூடல் பக்கத்துக்காரர்கள். பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதில் புரோக்கர் மூலமாக மேற்கு மாவட்டங்களின் நூல் மில்லுக்குப் போனவர்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற பேச்சு நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும், 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமான பெயர் வேறு. மில்லுக்குப் போன எல்லாரையும் நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆசை காட்டிக் கூட்டிப் போய், கூலியைப் பிடித்து வைத்து, விடுதியை விட்டு வெளியே விடாமல் வேலை வாங்கப்பட்டவர்களைத்தான் சேர்க்கிறோம்.

இவர்களை உறவுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நீயா விரும்பித்தானே போனே?" என்பது. இதற்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது ஆள்கடத்தல் குற்றத்தைத் தீர்மானிப்பதில் பொருட்டே அல்ல. பழைய இ.பி.கோ. 370இலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 143இலும் அப்படித்தான். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பெண் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அவள் அத்தைக்குக் காட்டினாளாம்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே ஒரே அறை, கீழே பாத்திரக்கடை. முதல் மாதம் ஆற்றுப்படுத்துநர் கதவுக்கு எதிரே உட்காருவார், வருகிற பெண்ணுக்குக் கதவு முதுகுப்பக்கம் இருக்கும். ஒருத்தி முக்கால் மணி நேரமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டோம். அப்புறம்தான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். என்ன நடந்தது என்று ஆரம்பத்தில் யாரும் கேட்பதில்லை. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, படபடப்பு வந்தால் மூச்சை எப்படி விடுவது, கண்ணெதிரே இருக்கிற ஐந்து பொருளை எப்படி எண்ணுவது, இவைதான் முதல் சில வாரங்கள். இரவில் திடுக்கிட்டு விழித்தால் பேச 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணை எல்லாரிடமும் கொடுத்திருக்கிறோம். அதில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்போது பீடி விவகாரம். முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். இங்கே வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அது மட்டும் போதாதே. முதல் மூன்று மாதத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்ததற்குக் காரணம் மனத்தடையோ வெட்கமோ அல்ல, கூலிதான். ஒருநாள் ஒருத்தி சுளகையும் (முறம்தான்) வெட்டின இலையையும் தூளையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். ஆற்றுப்படுத்துநர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியில் சுளகை வைத்து, இலையில் தூளை அள்ளிப் போட்டு, உருட்டி, நூல் சுற்றி, பீடியின் தலையை மடக்கிக்கொண்டே அவள் பேசினாள். கை ஓட ஓடப் பேச்சும் ஓடியதாம். மில்லில் ராத்திரி ஷிப்டில் தூங்கி விழுந்ததற்குப் பட்ட அடியை அன்றைக்குத்தான், சுளகைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சொன்னாள்.

புகையிலை நெடி கீழே இறங்கிப் பாத்திரக்கடைக்காரர் சண்டைக்கு வந்தது தனிக்கதை. நெடியைவிடப் பெரிய தலைவலி, பெரிய தொகை தந்த நன்கொடையாளர் ஒருவர் சார்பில் பார்வையிட வந்தவர். "சிகிச்சை நேரத்தில் வேலை வாங்குகிறீர்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் தவணை நான்கு மாதம் தாமதமானது. தப்பு என் பேரில்தான், முன்கூட்டியே விளக்கி ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். ஆனாலும் சொல்கிறேன்: தலைக்கு இத்தனை அமர்வு என்று எண்ணிப் பணம் தருகிறவர்கள், அந்தத் தலை இங்கே வந்து சேர ஆகிற கூலியிழப்பையும் பஸ் செலவையும் "இதர செலவு" என்று வெட்டிவிடுகிறார்கள். பெண் வராவிட்டால் எந்தச் சிகிச்சையை யாருக்குச் செய்வது?

பணம் தருகிறவர்கள் பெண்களின் படம் கேட்டதையும் மறுத்துவிட்டோம். முகத்தை மறைத்தாவது ஒரு 'வெற்றிக் கதை' வேண்டும் என்றார்கள். சிறார்களின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவே தடை போடுகிறது. வயது வந்தவர்களுக்கும் நாம் அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறோம். வளையலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற ஊர் நம் ஊர்.

அரசு உதவி வருமே, நாம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழுத்தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு 3 லட்சம். ஆனால் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்கிற விடுதலைச் சான்றிதழ் வேண்டும், முழுத்தொகைக்கு வழக்கில் தண்டனையும் ஆக வேண்டும். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், நன்கொடையோ பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். சாட்சி சொல்லக் கூப்பிடுகிற நேரத்தில், பழையதெல்லாம் மறுபடி கிளம்புகிற நேரத்தில், அவளுக்கென்று ஆற்றுப்படுத்துநர் இருக்க மாட்டார். இந்த ஆண்டு ஒருத்திக்கு அப்படி ஆயிற்று. கோர்ட்டுக்கு அவளோடு போனது, நம்மிடம் முன்பு வந்து தேறிய இன்னொரு பெண். பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை என்றார் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அந்தப் பெண் அன்றைக்கு மிக்சர் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போயிருந்தாள், சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு விளக்கம். நமக்கு எப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள வேறொரு அமைப்பு வாங்கி நமக்குக் கைமாற்றித் தரவும் முடியாது. துபாயில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், அதில் தடையில்லை. அவர் அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அவரிடம் வாங்க முடியாது. மாமா, சித்தப்பா என்றாலும் இதேதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளூரில் தருகிறவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. அதனால் சிலர் நின்றுவிட்டார்கள், சிலர் அப்படியும் தருகிறார்கள்.

இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் 'இதர செலவு' என்றில்லாமல் சிகிச்சைச் செலவாகவே கணக்கில் வர வேண்டும். வழக்கு முடியும்வரை தொடர்வதற்கு உள்ளூர் நன்கொடையில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். பாத்திரக்கடைக்காரரைச் சமாதானப்படுத்த ஜன்னலுக்கு ஒரு எக்சாஸ்ட் பேன் வாங்கியாயிற்று, ரசீது கோப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்