சல்வா எல்லை மறுபடி அடைபடக் கூடாது

வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாட்டு வெளியுறவு அமைச்சர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

2017 ஜூன் 5, நோன்புக் காலம். தோஹாவில் சஹர் முடித்துப் படுத்த நாங்கள் எழுந்தபோது, சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்திருந்தன. உம்ரா பஸ்ஸுக்குப் பணம் கட்டியிருந்தோம், பஸ் கிளம்பவில்லை. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி, சவூதியோடு உள்ள அபூ சம்ரா - சல்வா எல்லை, அடைபட்டுவிட்டது. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பால் வைக்கும் தட்டுகள் காலி. பிறகு துருக்கிப் பால் வந்தது. எது மோர், எது பால் என்று படம் பார்த்து எடுத்தோம்.

எங்களுக்கு அது சில நாள் சிரமம். எல்லைக்கு இரு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களுக்கோ மூன்றரை வருடம். சவூதி மேய்ச்சல் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கத்தாரியரின் ஒட்டகங்கள்கூட வெயிலில் எல்லையில் தவித்து நின்றன.

உறவு முறிந்த மறுநாளே சமரசம் பேச ஜித்தாவுக்குப் பறந்தார் அன்றைய குவைத் அமீர் ஷேக் சபா. 1981இல் மன்றம் உருவானபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 2017இல் அவருக்கு வயது 88ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல்-உலா உச்சி மாநாட்டில் பிணக்கு முடிந்து தலைவர்கள் கட்டித் தழுவியதை டிவியில் பார்த்தபோது, அதைக் காண அவர் இல்லையே என்றுதான் தோன்றியது. மூன்று மாதம் முன்பு காலமாகியிருந்தார்.

ஒரு முதியவரின் கால்களை நம்பியா ஆறு நாடுகளின் உறவு இருக்க வேண்டும்? உங்கள் சாசனத்தின் 10ஆவது பிரிவிலேயே பிணக்குத் தீர்க்கும் குழு உண்டு. ஆனால் அது நிரந்தரக் குழு அல்ல. சிக்கல் வரும்போது, ஆறு நாட்டுத் தலைவர்களும் அமரும் உச்ச சபை அமைத்தால்தான் உண்டு. 2017இல் அமைக்கவில்லை. சாசனத்தைத் திருத்தி உறுதியான ஏற்பாடு செய்யலாம் என்று அந்த வருட டிசம்பர் குவைத் மாநாட்டிலேயே ஷேக் சபா சொன்னார்.

உறவு சீராகிவிட்டதே என்பீர்கள். 2025 செப்டம்பரில் இஸ்ரேல் தோஹாவைத் தாக்கிய மறுநாளே அமீரக அதிபர் அங்கே வந்து நின்றார், மனம் நிறைந்தது. இந்த நெருக்கம் இருக்கும்போதே செய்யுங்கள். குழுவை நிரந்தரமாக்குங்கள். எந்தப் பிணக்கிலும் உணவு, மருந்து, குடும்பங்கள், ஹஜ், உம்ரா பயணிகள் ஆகியோருக்கு எல்லை திறந்தே இருக்கும் என்று சாசனத்தில் எழுதுங்கள். அடுத்த உச்சி மாநாட்டில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்த ரமலானில் தோஹாவில் இருந்த ஒரு தமிழன்